இதயத்தின் பளு

நுழையும்முன்

நிமிடத்திற்கு ஏறத்தாழ 70 முறை, ஒரு நாளில் ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை துடிக்கும் உறுப்பு இதயம். அது நோயுற்றால் அதற்குக் குருதியைக் கூடுதலாகக் கொண்டு சேர்ப்பதே மருத்துவம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. இதயத்தின் தேவையையே குறைத்தால் என்ன என்று மாற்றிக் கேட்டவர் ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் சர் ஜேம்ஸ் பிளாக். அக்கேள்வியிலிருந்து பிறந்த மருந்துகள் இன்று மாத்திரையாகவும் ஊசியாகவும் உலகெங்கும் பயன்படுகின்றன. அவருடைய வாழ்க்கையைக் கூறுகிறது இப்பாடம்.

நள்ளிரவில் ஒரு சிகிச்சைப் பிரிவு

இராயபுரத்தை அடுத்துப் பழைய சிறைச்சாலைச் சாலையில் அமைந்துள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையை வடசென்னையின் முதியோர் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே அழைப்பர். 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பசித்து வந்தோருக்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்தின் நினைவு அப்பெயரில் தங்கியிருக்கிறது. காசிமேட்டில் விடியுமுன் மீன் இறக்குவோர், துறைமுகத்தில் சரக்கேற்றுவோர், எண்ணூர், மணலி, திருவொற்றியூர் ஆலைகளில் இரவு முறை பார்ப்போர் ஆகியோருக்கு நெஞ்சில் வலி கண்டால், பெரும்பாலும் அவர்கள் நாடி வரும் இடம் இதுவே.

இத்தகைய பெரிய மருத்துவமனைகளின் இதய அவசர சிகிச்சைப் பிரிவில் இரவு நேரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி மறக்காது. படுக்கையில் கிடப்பவரின் மார்பில் மின்வாய்கள் ஒட்டப்பட்டிருக்கும். தலைமாட்டுத் திரையில் இதயத் துடிப்பின் எண்ணிக்கை 150, 160 என்று ஏறி நிற்கும். வியர்வையில் நனைந்த நோயாளியின் கையை உறவினர் ஒருவர் பற்றியிருப்பார். மருத்துவர் சிறு கண்ணாடிக் குப்பியிலிருந்து நிறமற்ற மருந்தை ஊசியில் ஏற்றுவார். கைச் சிரையில் ஏற்கெனவே பொருத்தப்பட்ட குழாய்வழியே மிக மெதுவாகச் செலுத்துவார். அவர் கண் ஊசியில் இராது, திரையில் இருக்கும். சில நிமிடங்களில் எண் இறங்கத் தொடங்கும். 140, 120, 95. நோயாளி முதன்முறையாக நிதானமாக மூச்சுவிடுவார்.

குப்பியில் இருப்பது பீட்டா தடுப்பான் என்னும் மருந்து வகையைச் சார்ந்தது. அவ்வகை மருந்தை உலகிற்கு அளித்த மனிதர், நோயாளிகளுக்கு மருத்துவம் பார்ப்பதைத் தொழிலாகக் கொள்ளாதவர் என்பது வியப்புக்குரியது.

சுரங்க ஊரின் பிள்ளை

ஜேம்ஸ் ஒயிட் பிளாக் 1924ஆம் ஆண்டு சூன் மாதம் 14ஆம் நாள் ஸ்காட்லாந்தின் அடிங்ஸ்டன் என்னும் ஊரில் பிறந்தார். உடன்பிறந்தோர் ஐவரும் ஆண்கள். அவருள் இவர் நான்காமவர். தந்தையார் சுரங்கப் பொறியாளர். நிலக்கரிச் சுரங்கத்தை நடத்தும் மேலாளராகவும் இருந்தவர். குடும்பம் பின்னர் ஃபைஃப் என்னும் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. கரிப்புழுதி படிந்த தெருக்களும், சங்கொலிக்கேற்ப எழுந்து உறங்கும் தொழிலாளர் குடியிருப்புகளும் கொண்ட நிலம் அது. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் வளரும் பிள்ளைகளுக்கு அந்த ஊரை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

பள்ளியில் அவர் முதல்வரிசை மாணவராக விளங்கவில்லை. பெரும்பாலான ஆண்டுகளைப் பகற்கனவிலேயே கழித்ததாக அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். கவுடன்பீத் நகரப் பள்ளியில் கணிதம் கற்பித்த ஆசிரியர் ஒருவரே அவரை இனங்கண்டார். செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம் நடத்திய போட்டித் தேர்வை எழுதுமாறு விடாது வற்புறுத்தினார். பதினைந்தாம் வயதில் அத்தேர்வை எழுதிய பிளாக், தங்கிப் படிப்பதற்கான உதவித்தொகையை வென்றார். ஆசிரியர் ஒருவரின் பிடிவாதத்தால் நோபல் அறிஞர் ஒருவர் உருவானார் என்று கூறுவதில் ஆசிரியத் தொழிலில் இருப்போருக்குச் சிறிது பெருமை உண்டு, அதை மறைப்பானேன்!

அண்ணன் ஒருவர் அதே பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றவர். அவர் சென்ற வழியில் தம்பியும் மருத்துவத்தைத் தேர்ந்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் படித்து, 1946இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் ஹிலரி வான் என்னும் பெண்மணியை மணந்தார்.

பட்டம் பெற்றவர் மருத்துவமனைப் பணிக்குச் செல்லவில்லை. அக்கால மருத்துவமனைகளில் நோயாளிகள் நடத்தப்பட்ட விதத்தில் பரிவு இல்லை என்று அவர் கருதினார். மனிதரை மனிதராகப் பாராத இடத்தில் பணியாற்ற மனமின்றி, உடலுறுப்புகளின் இயக்கத்தை ஆராயும் உடலியங்கியல் துறையில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். மருத்துவத்தை விட்டு விலகியதாகவே அன்று பலர் எண்ணியிருக்கக்கூடும்.

கடல் கடந்த மூன்றாண்டு

படிப்புக்காலக் கடன் தலைக்கு மேல் நின்றது. உள்ளூரில் கிடைத்த ஊதியம் அதை அடைக்கப் போதவில்லை. ஆகவே 1947இல் இளம்மனைவியுடன் சிங்கப்பூர் சென்று, அங்கிருந்த மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் விரிவுரையாளரானார். சென்னைத் துறைமுகத்திலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ரஜூலா என்னும் கப்பல் பயணிகளை ஏற்றிச் சென்ற காலம் அது. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் தமிழர் பலர் சுமை தூக்கினர். அவர்கள் வேலை செய்த அதே நகரத்தில், கடன் அடைக்க வந்த ஓர் இளம் விரிவுரையாளர் ஆய்வு செய்யும் முறையைத் தாமே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டிருந்தார்.

1950இல் தாயகம் திரும்பியபோது அவர் கையில் வேலை இல்லை. இலண்டன் ஆக்ஸ்போர்டு தெருவில் நடந்து செல்கையில், தமக்கு முன்பு பணி தந்த பேராசிரியர் கேரியைத் தற்செயலாகச் சந்தித்தார். அச்சந்திப்பின் பயனாக, கிளாஸ்கோ கால்நடை மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் துறையை அடித்தளத்திலிருந்து உருவாக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. புகழ்பெற்ற மருத்துவப் பள்ளி எதுவும் அன்று. மாட்டுக்கும் குதிரைக்கும் மருத்துவம் கற்பிக்கும் கல்லூரி. ஆயினும் எட்டு ஆண்டுகள் அங்கே தங்கினார். இதய மருத்துவத்தின் போக்கை மாற்றிய கேள்வி அங்கேதான் பிறந்தது.

தலைகீழாகக் கேட்ட கேள்வி

இதயத் தசைக்கும் குருதி வேண்டும். அதைக் கொண்டு வருபவை இதயத் தமனிகள். அவற்றின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகினால், தசைக்கு உயிர்வளி போதாமல் நெஞ்சில் இறுக்கும் வலி தோன்றுகிறது. படியேறும்போதும், மூட்டை தூக்கும்போதும், சினம் கொள்ளும்போதும் வலி மிகும். 1950களில் மருத்துவர்கள் இதற்குக் கண்ட வழி, தமனியை விரிக்கும் மருந்தைத் தருவதாகும். கல்லாய் இறுகிய குழாயை மருந்து எந்த அளவிற்கு விரித்துவிட முடியும்? கிளாஸ்கோவில் அறுவை மருத்துவர் ஜார்ஜ் ஸ்மித் என்பவர் மிகுந்த அழுத்தத்தில் உயிர்வளியைச் செலுத்தி இதயத்திற்கு உதவ முயன்றுகொண்டிருந்தார். பிளாக் அவருடன் இணைந்து ஆய்வு செய்தார்.

அந்த ஆய்வுகளின் நடுவே அவர் சிந்தனை திரும்பியது. வரவைக் கூட்ட முடியவில்லை எனில் செலவைக் குறைக்கலாமே! துறைமுகத்தில் இளைத்த உடலுடன் ஒருவர் நூறு கிலோ மூட்டையைச் சுமந்து தள்ளாடுகிறார் என்று கொள்வோம். அவருக்குச் சோறு போட்டு வலுவேற்ற நாளாகும். அந்த நொடியில் செய்யத்தக்கது, தோளிலிருந்து பாதிச் சுமையை இறக்குவதே. இதயத்தின் தோளில் சுமையை ஏற்றுவது யார் என்று தேடினால், விடை அட்ரினலின் என்று வரும்.

அச்சம், சினம், உழைப்பு ஆகிய வேளைகளில் பரிவு நரம்புகளும் சிறுநீரகத்தின்மேல் அமைந்த சுரப்பிகளும் வெளிவிடும் பொருள்கள் இதயத்தை விரைந்து துடிக்கவும் வலிந்து சுருங்கவும் செய்கின்றன. நலமுள்ள இதயத்திற்கு அது துணை. தமனி குறுகிய இதயத்திற்கு அதுவே பகை. ஒரு சாலை விபத்தைத் தொடர்ந்து மாரடைப்புக்கு ஆளாகித் தம் தந்தையார் மறைந்தது பிளாக்கின் உள்ளத்தை இத்திசையில் செலுத்தியது என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். உடலுக்கு நேர்ந்த அடியைவிட மனத்தின் அதிர்ச்சி இதயத்தை எப்படி வீழ்த்துகிறது என்ற வினா அவருக்கு ஏட்டு வினாவாக மட்டும் இருந்திராது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. உடலின் பிற உறுப்புகள் இதயம் சுருங்கும்போது குருதி பெறுகின்றன. இதயத்தின் இடப்புறத் தசையோ தான் தளரும் இடைவேளையில்தான் பெரும்பங்கு குருதியைப் பெறுகிறது. துடிப்பு விரைந்தால் அந்த இடைவேளை சுருங்கும், மெதுவானால் நீளும். ஆகவே துடிப்பைக் குறைத்தால் தேவையும் குறையும், வரவும் கூடும். ஒரே செயலால் இரண்டு பயன்.

அட்ரினலினை எங்கே தடுப்பது? இதற்கான திறவுகோல் பிறர் எழுதிவைத்துப் பலரும் புறக்கணித்த ஒரு கட்டுரையில் கிடைத்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ரேமண்ட் ஆல்குவிஸ்ட், அட்ரினலின் போன்ற பொருள்கள் உயிரணுக்களில் இருவகை ஏற்பிகள்வழிச் செயற்படுகின்றன என்று 1948இல் எழுதினார். அவற்றை ஆல்பா, பீட்டா எனப் பெயரிட்டார். பூட்டும் சாவியும் போல அவ்வேற்பியும் பொருளும் பொருந்துகின்றன. இதயத்தை விரைவுபடுத்துவது பீட்டா ஏற்பி. மருந்தியல் இதழ் ஒன்று அக்கட்டுரையை ஏற்க மறுத்தது. வேறோர் உடலியங்கியல் இதழே வெளியிட்டது. வெளிவந்த பின்னும் ஆண்டுக்கணக்கில் அதைப் பொருட்படுத்தியவர் மிகச் சிலர். மருந்தியல் பாடநூல் ஒன்றில் ஆல்குவிஸ்ட் எழுதிய பகுதியைப் படித்த பிளாக், தாம் தேடிய பூட்டு அதுதான் என்று உணர்ந்தார். அதில் நுழைந்து திறக்காமல் அடைத்துக்கொள்ளும் ஒரு போலிச் சாவி கிடைத்தால் போதும்.

தோல்வியும் வெற்றியும்

1958இல் இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ் என்னும் நிறுவனத்தின் மருந்துப் பிரிவில் பிளாக் சேர்ந்தார். செஷயர் மாவட்டத்தின் ஆல்டர்லி பார்க் ஆய்வகத்தில் வேதியியல் அறிஞர்கள் அவருடன் உழைத்தனர். அக்காலத்தில் அமெரிக்க நிறுவனமொன்று மூச்சுக்குழலை விரிக்கும் மருந்தைத் தேடும்போது, பீட்டா ஏற்பியைத் தடுக்கும் பொருள் ஒன்றைத் தற்செயலாகக் கண்டிருந்தது. ஆனால் அது தடுப்பதோடு நில்லாமல் இதயத்தைச் சிறிது தூண்டவும் செய்தது. அப்பொருளின் அமைப்பை மாற்றி மாற்றி, தூண்டலை நீக்கித் தடுப்பை மட்டும் நிறுத்தப் பிளாக்கின் குழு முயன்றது.

புரொனெத்தலால் என்னும் மருந்து முதலில் கிடைத்தது. நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது பயன் தெரிந்தது. மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அம்மருந்தை நெடுநாள் உண்ட சுண்டெலிகளில் தைமஸ் சுரப்பியில் கட்டிகள் தோன்றின. மனிதருக்கும் அவ்வாறு நேருமா என்பது தெரியாத நிலையில் அதைப் பரவலாக வழங்க இயலாது. ஆண்டுக்கணக்கான உழைப்பு அங்கே முடிந்திருக்கலாம். தேடல் வழி சரியானது, கிடைத்த பொருளே தவறானது என்று தெளிந்த குழு மீண்டும் தொடங்கியது. புரொனெத்தலாலைப் போலப் பத்து மடங்கு வலிமையுடையதும் அக்கட்டிகளைத் தோற்றுவிக்காததுமான புரொப்ரனலால் உருவாயிற்று. 1964இல் லான்செட் இதழில் அதைப் பற்றிய அறிக்கை வெளிவந்தது. நெஞ்சுவலிக்காக வந்த அம்மருந்து இரத்த அழுத்தத்தையும் குறைக்கிறது என்பதை இலண்டன் மருத்துவர் பிரையன் பிரிச்சர்டு கண்டறிந்தார்.

மருந்து கிடைத்த உடனேயே பிளாக் அந்நிறுவனத்தை விட்டு நீங்கினார். கண்டுபிடித்த மருந்தை ஊக்குவித்து ஊர் ஊராகப் பேசுவது அவருக்கு உவப்பாக இல்லை. அடுத்த கேள்வி அவரை அழைத்தது.

ஊசியாக ஏன்?

மாத்திரை இருக்கும்போது ஊசி எதற்கு என்று கேட்கத் தோன்றும். விழுங்கிய மாத்திரை குடலில் கரைந்து, அங்கிருந்து நேரே கல்லீரலுக்குச் செல்கிறது. வெளிப்பொருளைச் சிதைப்பது கல்லீரலின் கடமை. புரொப்ரனலாலின் பெரும்பகுதி இதயத்தை எட்டுமுன்பே அங்கே அழிந்துவிடும். சிரைவழிச் செலுத்தினால் அந்தச் சுங்கச்சாவடி இல்லை. மருந்து முழுவதும் இதயத்தை அடையும். மெட்டோபுரோலால் என்னும் மருந்து மாத்திரையாக 50 அல்லது 100 மில்லிகிராம் அளவில் தரப்படுகிறது. ஊசியிலோ ஒருமுறைக்கு 5 மில்லிகிராம், சில நிமிட இடைவெளியில் மூன்று முறை வரை என்பதே வழக்கமான அளவு. மாத்திரை வேலை செய்ய ஒரு மணி நேரம் ஆகலாம். ஊசி சில நிமிடங்களில் வேலை செய்கிறது. வாந்தியெடுப்பவரும் மயங்கிக் கிடப்பவரும் விழுங்குவது எப்படி?

இதய மேலறைகளில் தோன்றித் துடிப்பைத் தறிகெட்டு ஓடச் செய்யும் சில கோளாறுகள், உயர்ந்த அழுத்தமும் விரைந்த துடிப்பும் கூடிய மாரடைப்பு, உடலின் தலைமைத் தமனியின் உட்சுவர் கிழியும் கொடிய நிலை, தைராய்டு சுரப்பி வெறிகொண்டது போலச் சுரக்கும் நிலை ஆகியவற்றில் பெரியவர்களுக்கு இவ்வூசி பயன்படுகிறது. தலைமைத் தமனி கிழிந்த நிலையில் ஒவ்வொரு துடிப்பும் கிழிசலை நீட்டும் என்பதால் துடிப்பைத் தணிப்பதே மருத்துவரின் முதல் வேலை. ஆல்பா, பீட்டா ஆகிய இரண்டு ஏற்பிகளையும் தடுக்கும் லபெட்டலால், கருவுற்ற பெண்களின் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவிற்கு ஏறும்போது ஊசியாகத் தரப்படும் மருந்துகளுள் ஒன்று. இராயபுரத்து மகப்பேறு மருத்துவமனையில் பிறந்து இப்பாடத்தைப் படிக்கும் மாணவர்கள் இருக்கக்கூடும். தாய்மார் பட்ட இடர்களில் இதுவும் ஒன்று என அவர்கள் அறிந்துகொள்ளலாம்.

ஊசியின் வேகமே அதன் ஆபத்து. ஒருமுறை சிரையில் ஏறிய மருந்தைத் திரும்ப எடுக்க வழியில்லை. இக்குறையைப் போக்க எழுந்தது எஸ்மலால் என்னும் மருந்து. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டின் இறுதியில் ஒப்புதல் பெற்றது. குருதியின் சிவப்பணுக்களில் உள்ள நொதியே அதைச் சிதைத்துவிடும். உடலில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 9 நிமிடமே ஆகும். சொட்டுசொட்டாகச் செலுத்திக்கொண்டே நோயாளியைக் கவனிக்கலாம். அழுத்தம் அளவுக்குமீறி இறங்கினால் சொட்டை நிறுத்த வேண்டியதுதான். அரை மணி நேரத்திற்குள் இதயம் தன் போக்கிற்குத் திரும்பிவிடும்.

பீட்டா ஏற்பிகள் இதயத்தில் மட்டும் இல்லை. நுரையீரலின் மூச்சுக்குழல்களை விரித்து வைப்பவையும் அவ்வகை ஏற்பிகளே. ஆகவே ஆஸ்துமா உடையவருக்குப் புரொப்ரனலாலைக் கொடுத்தால் இதயம் அமைதி பெறும் வேளையில் மூச்சு அடைபடலாம். புகைபோக்கிகளின் நிழலில் வாழும் வடசென்னை மக்களிடம் மருத்துவர் முதலில் இளைப்பு உண்டா என்று கேட்பது வெறும் சடங்கன்று. இதயத்தின் ஏற்பியை மட்டும் பெரிதும் நாடும் மருந்துகள் பின்னர் வந்தன. அவற்றுள் முன்னதாக 1970இல் வெளியான பிராக்டலால், சிலருடைய கண்களையும் தோலையும் கடுமையாகத் தாக்கியதால் சில ஆண்டுகளிலேயே பொதுப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டது. அட்டினலால், மெட்டோபுரோலால் ஆகியவை நிலைத்தன.

எண்கள் சொன்ன பாடம்

மாரடைப்பு வந்த அனைவருக்கும் இவ்வூசியைப் போடலாமா? இக்கேள்விக்கு விடைகாண நடந்த இரு பேராய்வுகள் அறிவியல் நடக்கும் விதத்தை நன்கு காட்டுகின்றன. ஐசிஸ் என்னும் முதல் ஆய்வின் முடிவு 1986இல் வெளிவந்தது. மாரடைப்புக்கு ஆளான 16,027 பேர் அதில் இடம்பெற்றனர். பாதிப் பேருக்கு அட்டினலால் ஊசியும் தொடர்ந்து மாத்திரையும் கொடுக்கப்பட்டன. எஞ்சியோருக்கு அவை கொடுக்கப்படவில்லை. முதல் வாரத்தில் இதய, இரத்தக்குழாய்க் காரணங்களால் இறந்தோர் மருந்து பெற்றவர்களுள் 3.89 விழுக்காடு, பெறாதவர்களுள் 4.57 விழுக்காடு. ஆயிரம் பேரில் ஏறத்தாழ ஏழு உயிர். சிறிய வேறுபாடு என்று தோன்றினாலும், உலகில் மாரடைப்புக்கு ஆளாவோரின் தொகையோடு பெருக்கிப் பார்த்தால் அது சிறியதன்று. ஊசி பலரிடையே பரவியது.

பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின், 2005இல், சீன நாட்டு மருத்துவமனைகளில் 45,852 பேரிடம் நடந்த ஆய்வு வேறு கதை சொன்னது. மெட்டோபுரோலால் ஊசி பெற்றோரில் ஆயிரத்திற்கு ஐவர் மறு மாரடைப்பிலிருந்தும், ஐவர் உயிர்பறிக்கும் துடிப்புக் கோளாற்றிலிருந்தும் தப்பினர். ஆனால் ஆயிரத்திற்குப் பதினொருவர் கூடுதலாக, இதயம் குருதியைத் தள்ள வலுவின்றிச் சாய்ந்துவிடும் அதிர்ச்சி நிலைக்கு ஆளாயினர். மொத்த இறப்பில் வேறுபாடு இல்லை. ஏற்கெனவே தளர்ந்து, அட்ரினலினின் உந்துதலால் மட்டுமே தாக்குப்பிடித்துக்கொண்டிருந்த இதயங்களிலிருந்து அந்த உந்துதலையும் ஊசி பறித்துவிட்டது. சுமையை இறக்கப் போய் ஊன்றுகோலையும் பிடுங்கியது போல.

அன்றிலிருந்து மருத்துவர்கள் ஆள் பார்த்தே ஊசியை எடுக்கின்றனர். அழுத்தம் குறைந்தவருக்கும், நுரையீரலில் நீர் கோத்தவருக்கும், துடிப்பு ஏற்கெனவே மெதுவாக உள்ளவருக்கும், ஆஸ்துமா மிகுந்தவருக்கும் தவிர்க்கின்றனர். தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், நெஞ்சுவலியுடன் ஆரம்பச் சுகாதார நிலையத்திற்கு வருவோருக்குக் குருதி உறைவதைத் தடுக்கும் மாத்திரைகள் முதலியன கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகின்றனர். பீட்டா தடுப்பான் ஊசி அத்தொகுப்பில் இல்லை. அது திரையும் தேர்ந்த கண்ணும் உள்ள இடத்தில் போட வேண்டிய ஊசி.

பிந்திய நாள்கள்

புதிய நிறுவனத்தில் பிளாக் இரைப்பைப் புண்ணுக்கு மருந்து தேடினார். அங்கும் ஏற்பியை அடைக்கும் அதே சிந்தனைதான். ஓர் இடைக்கால மருந்து வெள்ளணுக்களைக் குறைத்ததால் கைவிடப்பட்டது; அதன்பின் 1976இல் சிமெட்டிடின் வெளிவந்தது. அறுவை மேசைக்குச் செல்ல வேண்டியிருந்த எண்ணற்றோர் மாத்திரையால் குணமடைந்தனர். ஒரு வாழ்நாளில் இரு பெரும் மருந்துகள். அதே 1976இல் அமெரிக்காவின் லாஸ்கர் விருதை ஆல்குவிஸ்டும் பிளாக்கும் ஒருங்கே பெற்றனர். மறுக்கப்பட்ட கட்டுரையை எழுதியவருக்கு இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்துக் கிடைத்த சிறப்பு அது. ஆல்குவிஸ்ட் 1983இல் மறைந்தார். 1988இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு பிளாக்கிற்கு ஜெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிச்சிங்ஸ் ஆகியோருடன் வழங்கப்பட்டபோது அவர் உயிருடன் இல்லை. நோபல் குழு மறைந்தவரைக் கருதுவதில்லை. என்றாலும் அந்த வெற்றிடம் உறுத்தவே செய்கிறது.

பிளாக் கூச்சம் மிகுந்தவர். விளம்பரத்தை வெறுத்தவர். பரிசுச் செய்தி வந்தபோது, படபடப்பை அடக்கத் தம் மருந்தே தம் கையில் இல்லாது போயிற்றே என்று நகைத்தாராம். 1981இல் சர் பட்டமும் 2000இல் பிரிட்டனின் மிக உயரிய சிறப்புகளுள் ஒன்றான ஆர்டர் ஆஃப் மெரிட்டும் பெற்றார். 1992 முதல் 2006 வரை டண்டி பல்கலைக்கழகத்தின் வேந்தராக விளங்கினார். அங்கே உயிரியல் ஆய்வு மையம் ஒன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

2010ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள், எண்பத்தைந்தாம் வயதில் ஜேம்ஸ் பிளாக் மறைந்தார். இப்பாடத்தைப் படிக்கும் மாணவர்களுள் பலர் அப்போது தொட்டிலில் இருந்திருப்பர்.